வியர்வையும் வெட்டிவேரும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை அறிவித்த அன்றே நல்ல தலைப்புகள் எல்லாம் பறிபோய்விட்டன. விண்வெளியில் மனிதன் என்றாள் ஒருத்தி. காலத்தின் அருமை என்றாள் மற்றொருத்தி. தாயின் பெருமைக்கு மூவர் சண்டையிட்டனர். என் முறை வந்தபோது, “வியர்வை நாற்றத்தைப் பற்றி எழுதுகிறேன், டீச்சர்” என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “எழுது. ஆனால் மதர், உன் அம்மா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது” என்றார். அவ்வாறே எழுத முயன்றிருக்கிறேன். எங்கேனும் நாகரிகம் தவறியிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

இந்தத் தலைப்பு எனக்கு எப்படித் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்ற ஜூலை மாதத்தில் ஒருநாள், மூன்றாம் பாடவேளை விளையாட்டு. திருச்சி வெயிலின் பெருமையை ஊரார்க்கு நான் விளக்கத் தேவையில்லை. எறிபந்து ஆடிவிட்டு, முகம் கழுவவும் நேரமின்றி, நான்காம் பாடவேளைக்கு ஓடிவந்து அமர்ந்தோம். ஐம்பது பேர், நான்கு மின்விசிறிகள். அவற்றுள் ஒன்று சுற்றுவதில்லை. அப்போது பின்வரிசைத் தோழி ஒருத்தி பையிலிருந்து பாடி ஸ்பிரே ஒன்றை எடுத்துத் தனக்கு அடித்துக்கொண்டாள். பிறகு எட்டி, முன்வரிசையில் இருந்த விடுதி மாணவி ஒருத்தியின் முதுகிலும் ‘புஸ்’ என்று அடித்துவிட்டு மூக்கைப் பொத்திக் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையை உயர்த்திவிடுவாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் கையை உயர்த்தவே இல்லை. விடை தெரியாததால் அல்ல. கையை உயர்த்தினால் சட்டையின் அக்குள் ஈரம் பிறர் கண்ணில் படும், வாடை அடிக்கும் என்ற அச்சம். இதை நான் கண்டுகொள்ள இரண்டு வாரங்கள் ஆயின. எறிபந்துக் குழுவிலிருந்தும் கால்வலி என்று சொல்லி விலகிவிட்டாள். அவளுக்குக் காலில் ஒரு வலியும் இல்லை.

ஒரு சிறு புட்டியிலிருந்து வெளிவந்த காற்று ஒரு பெண்ணின் கையை மேலே எழாமல் கட்டிப்போட்டுவிட்டதே என்று எண்ணியபோதுதான், இந்த வியர்வை என்பது என்ன, நாற்றம் என்பது என்ன, அதற்கு நாம் செய்துகொள்ளும் பரிகாரங்கள் எத்தகையவை என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், என் மேலேயே செய்து பார்த்ததையும் கூறுகிறேன்.

நம் உடலில் 20 இலட்சத்திலிருந்து 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நெற்றி, முதுகு, உள்ளங்கை என்று உடல் முழுதும் பரவியிருப்பவை. அவை சுரப்பது ஏறத்தாழ உப்புநீர்தான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். வியர்க்காவிட்டால் அக்கினி நட்சத்திரத்தில் நாம் யாரும் உயிரோடிருக்க முடியாது. மற்றொரு வகைச் சுரப்பி அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் உண்டு. இது பிறந்தது முதல் இருந்தாலும் உறங்கிக்கொண்டே இருந்து, நாம் வளர்ந்து பெரியவளாகும் பருவத்தில்தான் விழித்துக்கொள்கிறது. இது சுரக்கும் நீரில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். அதற்கும் மணம் இல்லை! தோலின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டு சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆகவே நாறுவது வியர்வை அன்று. வியர்வையை விருந்துண்ணும் கிருமிகளின் எச்சமே நாறுகிறது. நேற்று வரை இல்லாத வாடை இன்று எனக்கு ஏன் வந்தது, நான் என்ன தவறு செய்தேன் என்று கலங்கும் ஏழாம், எட்டாம் வகுப்புத் தங்கைகள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வளர்கிறீர்கள், அவ்வளவே.

இதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. கொரியா, சப்பான், சீனா ஆகிய நாடுகளில் பெரும்பாலோருக்கு அக்குள் வாடையே கிடையாதாம். காதுக் குறும்பி ஈரமாக இருக்குமா உலர்ந்து இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றை 2006ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உலர்ந்த குறும்பி உடையவர்களுக்கு அக்குள் வாடையும் மிகக் குறைவு. இதைப் படித்த அன்று என் தம்பியின் காதைப் பரிசோதிக்கப் போய் அடி வாங்கினேன்.

நாற்றம் என்ற சொல்லுக்கே நாம் தீங்கு செய்துவிட்டோம் என்று தமிழாசிரியை கூறுவார். பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம்; பூவின் நாற்றம் என்று புலவர்கள் மகிழ்ந்து பாடினர். இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடிக்கிறோம். சொல் மாறியதற்கு நான் பொறுப்பில்லை என்றாலும், இக்கட்டுரையில் இன்றைய பொருளிலேயே எழுதியிருப்பதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வியர்வை இயற்கை என்றால், அதற்கு வெட்கப்பட யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? இந்தக் கதை எனக்கு மிகுந்த வியப்பளித்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் எட்னா மர்ஃபி என்று ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவி இருந்தாள். அவள் தந்தை அறுவை மருத்துவர். அறுவையின்போது கை வியர்க்காமல் இருக்க ஒரு திரவம் செய்து வைத்திருந்தார். மகள் அதை அக்குளில் தடவிப் பார்த்தாள், வியர்வை நின்றது. அதையே விற்கத் தொடங்கினாள். 1912இல் அட்லாண்டிக் நகரத்துப் பொருட்காட்சியில் கடை போட்டாள். அதில் அலுமினிய உப்பும் அமிலமும் இருந்தன. தோலை எரித்தது, துணியை அரித்தது. அதுவும் பெரிதன்று. வாங்க வேண்டிய பெண்கள், “எங்களுக்கு வியர்வைத் தொல்லை இல்லையே” என்று பேசாமல் இருந்துவிட்டனர். அப்போது விளம்பரம் எழுத வந்த ஜேம்ஸ் யங் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். 1919இல் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்த அவருடைய விளம்பரத்தின் கருத்து இதுதான்: உன்மேல் வாடை அடிப்பது உனக்கே தெரியாது, தெரிந்தவர்களும் உன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், உன் முதுகுக்குப் பின்னேதான் பேசிக்கொள்வார்கள். ஏறத்தாழ 200 வாசகிகள் சினமுற்று அப்பத்திரிகையை நிறுத்திவிட்டனர். ஆனால் அடுத்த ஆண்டே விற்பனை இரு மடங்கைத் தாண்டி 4,17,000 டாலரை எட்டியது!

தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் அச்சத்தை விற்றார்கள். அதன் பின்னரே மருந்தை விற்றார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் வகுப்பில் அந்தப் பெண்ணின் முதுகில் தெளிக்கப்பட்டதும் அதே அச்சம்தான் என்பது என் கருத்து. எட்னா மர்ஃபியை நான் குறை கூறவில்லை. பள்ளிப் பருவத்திலேயே தொழில் தொடங்க எண்ணிய பெண்ணைப் பாராட்டவே செய்கிறேன். குறை அந்த விளம்பரத்தின் மேல்.

இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் இரு வகை உண்டு. ஒன்று கிருமிகளைக் குறைத்து வாசனையால் வாடையை மூடுவது. மற்றொன்று அலுமினிய உப்புகளால் வியர்வைத் துளைகளையே தற்காலிகமாக அடைப்பது. நம் வகுப்புகளில் உலவும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் முதல் வகை. நான் இவற்றை விட்டு நம் வீட்டு முறைகளுக்கு மாறியவள்; பிறரும் மாறலாம் என்று சொல்பவள். ஆனால் தவறான காரணத்தைக் கூறி யாரையும் மாற்ற எனக்கு விருப்பமில்லை. “அதைப் போட்டால் புற்றுநோய் வரும்” என்று எங்கள் தெருவில் ஓர் அக்கா எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆகிய இரண்டுமே அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை என்றே கூறுகின்றன. சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்கள் மட்டும் அலுமினியம் கலந்தவற்றை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக்கூடாது. அச்சத்தைக் காட்டி ஸ்பிரே விற்பது தவறு என்றால், அச்சத்தைக் காட்டிப் பயத்தமாவு விற்பதும் தவறுதானே!

என் காரணங்கள் எளியவை. எங்கள் வகுப்பில் ஆஸ்துமா உள்ள தோழி ஒருத்தி இருக்கிறாள். மூடிய அறையில் யாரேனும் ஸ்பிரே அடித்தால் அன்று முழுதும் இருமிக்கொண்டிருப்பாள். அது ஒன்று. ஒரு புட்டி இருநூறு ரூபாய்க்குக் குறையாது. மாதம் ஒன்றோ இரண்டோ தீர்ந்துவிடும். வாங்க முடிந்தவள் அடித்துக்கொள்கிறாள், முடியாதவள் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது இரண்டு. மூன்றாவது, குளிக்காமல் அடித்துக்கொண்டு வருவோரின் மேல் வரும் வாடை. மல்லிகையும் வெங்காயமும் ஒரே கூடையில் இருந்தது போன்ற அந்த வாடையை, பேருந்தில் பயணம் செய்யும் எவரும் அறிவர்.

ஆயினும் இயற்கை என்ற பெயர் பெற்றவை எல்லாம் நல்லவை என்று நம்பி நான் பட்டபாடு சிரிப்புக்குரியது. எலுமிச்சம்பழம் வாடையைப் போக்கும் என்று எங்கோ படித்தேன். ஒரு சனிக்கிழமை காலை அரைமூடியை அக்குளிலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்தேன். போதாதென்று அதன் மேல் ஆப்பச்சோடாவையும் பூசினேன். நுரைத்துக்கொண்டு பொங்கியது! என் அப்பாயி எட்டிப் பார்த்து, “ஏண்டி, ஊறுகாயா போடுறே?” என்றார். பிறகு எரிச்சல் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். அக்குள் சிவந்து மூன்று நாட்கள் கையைத் தூக்க முடியவில்லை. கழுத்தோடு அன்று மாலை வெயிலில் மாவு மில்லுக்குப் போய்வந்ததில் அங்கே கருந்திட்டு விழுந்தது. அது மறைய இரண்டு மாதங்கள் ஆயின.

ஏன் என்று வேதியியல் பாடமே விளக்கிவிட்டது. நம் தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியது. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு என்ற கணக்கில் தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலம். ஆப்பச்சோடாக் கரைசலோ 8ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் நிற்பது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துக் கரியமில வாயுவாகிப் பறந்துவிடும், மிஞ்சுவது எரிச்சல். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருகும் என்பதை மருத்துவ நூல்களே கூறுகின்றன. ஆகவே பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடியுங்கள். தோலில் தேய்க்க வேண்டாம்.

வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றையும் செய்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயில் கூவைக்கிழங்கு மாவைக் குழைத்து வைத்தால் வெண்ணெய் போல் இறுகும், அதைத் தடவலாம் என்றது அது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதற்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு என்பது உண்மையே. ஆனால் தேங்காய் எண்ணெய் உறைவது 24 பாகை வெப்பத்துக்குக் கீழே. திருச்சியில் அது மார்கழி விடியற்காலையில் மட்டுமே நடக்கும் அதிசயம்! மற்ற மாதங்களில் அந்த வெண்ணெய் குழம்பாகி, என் வெள்ளைச் சட்டையில் வழிந்து, அம்மாவின் வாயில் வசவாக முடிந்தது.

இவ்வளவு அலைந்த பிறகே, விடை எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்கில் இருந்தது தெரிந்தது. அப்பாயியின் குளியல் பொடி. சிறு வயதில் என்னைப் பிடித்து உட்காரவைத்து அதைத் தேய்க்கும்போதெல்லாம் கண்ணில் விழுகிறது என்று அழுது ஓடியவள் நான். எட்டாம் வகுப்பு வந்ததும், பொடி தேய்த்துக் குளிப்பது பட்டிக்காட்டுப் பழக்கம் என்று சோப்புக்கு மாறிவிட்டேன். இப்போது நானே கேட்டுச் சென்றபோது அப்பாயி ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லாமல் அளவுகளைக் கூறினார். அது அவர் பெருந்தன்மை.

பச்சைப்பயறு அரைக்கிலோ. பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு ஆகியவை வகைக்கு 50 கிராம். வெட்டிவேர் ஒரு பிடி, சிறு துண்டுகளாக நறுக்கியது. காய்ந்த ரோஜா இதழ் இரண்டு பிடி. பயறு நீங்கலாக மற்றவை எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும்; சமையல் மஞ்சள் போட்டால் சட்டைக் கழுத்துப்பட்டை மஞ்சளாகிவிடும், சீருடைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். அனைத்தையும் மூன்று நாள் வெயிலில் சுக்காகக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். சீயக்காய் அரைக்கும் எந்திரத்தில் போடச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துவிட்டால் என்ன நேரும் என்பதை என் சித்தியிடம் கேட்டால் கதையாகச் சொல்வார். பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டுக் குளிக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று மாதம் வரும். செலவு ஸ்பிரே ஒன்று இரண்டின் விலைதான்.

இந்தப் பொடி என்ன செய்கிறது? மாயம் ஒன்றும் செய்வதில்லை. பயற்றமாவு எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய வியர்வையையும் வழித்தெடுக்கிறது. கிருமிகளுக்குச் சோறு குறைகிறது. மூலிகைகள் மெல்லிய மணத்தை விட்டுச் செல்கின்றன. மாலை நான்கு மணி வரை மணக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விளையாட்டு வேளை முடிந்ததும் மணம் போய்விடும். ஆனால் பழைய கடுப்பு வாடை வருவதில்லை. அக்குளை ஈரமில்லாமல் துடைத்த பிறகே சட்டை அணிய வேண்டும் என்பதையும் அப்பாயிதான் சொன்னார். பாதி நோய் ஈரத்தில் என்பது அவர் கட்சி.

படிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடிதிருத்தகத்தில் முகச்சவரம் செய்த பின் தடவுவார்களே, அந்தக் கண்ணாடிக் கல்தான். குளித்த பின் ஈர அக்குளில் ஒருமுறை தேய்த்தால் கிருமிகள் குறைந்து வாடை கட்டுப்படுகிறது. பத்து ரூபாய்க் கல் ஒரு வருடத்துக்குக் காணும். இதையே வெளிநாட்டில் பளபளக்கும் குச்சியாக்கி, இயற்கையானது, இரசாயனம் அற்றது என்று விற்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை. படிகாரம் என்பது பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த சல்பேட்! அலுமினியத்துக்கு அஞ்சி ஓடியவர்கள் அலுமினியக் கல்லையே கையில் வைத்திருக்கிறார்கள். அதனால் தீங்கு என்று நான் சொல்லவில்லை. இயற்கை, இரசாயனம் என்ற இரண்டு சொற்களை வைத்து நம்மை எப்படியெல்லாம் ஏமாற்ற முடிகிறது என்பதற்காகச் சொன்னேன். வெட்டுக்காயம், வேர்க்குரு உள்ள இடத்தில் படிகாரம் எரியும், அங்கே தடவாதீர்கள்.

வெட்டிவேர் எனக்கு மிகவும் பிடித்தது. இது ஒரு புல்லின் வேர். நம் கடலூர் மாவட்டத்து மணற்பாங்கான கடற்கரை நிலங்களில் பயிராகிறது. பத்தடிக்கு மேலும் ஆழமாக வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்வதால் மண்ணரிப்பைத் தடுக்கவும் நடுகிறார்கள். உலகின் விலையுயர்ந்த செண்ட் புட்டிகள் பலவற்றில் இதன் எண்ணெய் இருக்கிறது. நாமோ அதன் வேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போடுகிறோம், விசிறியாகப் பின்னுகிறோம், துணிப்பெட்டியில் வைக்கிறோம். என் சீருடை அடுக்கில் சிறு துணி முடிச்சில் கட்டி வைத்திருக்கிறேன். வேப்பிலை போட்டுக் கொதித்த நீரை ஆறவிட்டுக் குளிப்பதும் வேர்க்குரு நாட்களில் இதமாக இருக்கிறது.

உணவைப் பற்றி ஒன்றே ஒன்று. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றின் வாடை வியர்வையிலும் வரும் என்பது பலருக்குத் தெரியும். உடல் சூடு தணிய வெந்தயத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், குடிக்கலாம். ஆனால் வெந்தயத்தில் உள்ள ஒரு பொருள் உடம்பில் மாறாமலே வெளியேறி, வியர்வைக்குச் சர்க்கரைப் பாகு போன்ற ஒரு தனி மணம் தரும். ஒன்றைப் போக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டேன் என்று அலறாதீர்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது துணியைப் பற்றி. 2014ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரைக் கடும் உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்கள் அணிந்திருந்த பனியன்களை மறுநாள் முகர்ந்து ஆராய்ந்தனர். (முகர்ந்த அந்தப் புண்ணியவான்கள் வாழ்க!) பருத்தியைவிடப் பாலியஸ்டர் பனியன்கள்தாம் மிகவும் நாறின. வாடை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி பாலியஸ்டர் இழையில் நன்றாகப் பெருகுகிறது என்று கண்டனர். நம் சீருடைத் துணியோ பாலியஸ்டர் கலந்தது. அப்பாயி அதை டெரிகாட்டன் என்பார். அதன் மேல் மேலங்கி வேறு. இந்தத் துணியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு என்பதை அறிவேன். சாயம் போகாது, இஸ்திரி அதிகம் வேண்டாம், விடுதியில் தாமே துவைக்கும் பிள்ளைகளுக்கு விரைவில் உலரும், இரண்டு ஆண்டு உழைக்கும். ஏழைப் பெற்றோரை எண்ணியே அதைத் தேர்ந்திருப்பார்கள். ஆயினும் அதே ஏழைப் பெற்றோரின் பிள்ளைதான், இரண்டே செட் சீருடையோடு விடுதிக்கு வந்து, ஒன்று உலராத நாளில் நேற்றைய சட்டையையே மீண்டும் அணிந்து, முன்வரிசையில் வந்து அமர்கிறாள்.

ஆகவே மதிப்பிற்குரிய மதர் அவர்களையும் அருட்சகோதரிகளையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். அடுத்து சீருடைத் துணி வாங்கும்போது பருத்தி மிகுந்ததாகப் பார்க்க வேண்டும். அது இயலாவிட்டால், விளையாட்டு வேளைக்கு மட்டுமேனும் ஒரு தளர்ந்த பருத்திச் சட்டையை வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதிக்க வேண்டும். மணி அடித்த பின் முகம், கை, அக்குள் கழுவி உடைமாற்றப் பத்து நிமிடம் வேண்டும். பாடநேரம் குறையும் என்று ஆசிரியைகள் வருந்தக்கூடும். ஐம்பது பேர் புழுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் எதைக் கற்கிறோம் என்பதை அவர்களே அறிவர். கோடையில் தண்ணீர் லாரி வராத நாளில் விடுதியில் ஆளுக்கு ஒரு வாளிதான் என்பதும், சகோதரிகளும் அதே ஒரு வாளியில்தான் குளிக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் தண்ணீரைப் பற்றி நான் குறை கூறவில்லை.

பெற்றோருக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் அடிக்கடி குளிக்கிறாள், கையை ஒட்டியே வைத்துக்கொள்கிறாள், விளையாட வர மறுக்கிறாள் என்றால் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். என் அம்மா என்னிடம் இதைப் பேசியதே இல்லை. அவரிடமும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இக்கட்டுரையின் முதற்படியைப் படித்த அன்று இரவுதான், தாமும் பள்ளி நாட்களில் சட்டைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டதாகச் சொன்னார். சட்டையை உட்புறம் வெளியே திருப்பி, அக்குள் பகுதியைத் தனியே சவுக்காரம் போட்டுக் கசக்கி, வெயில் படும்படி உலர்த்துங்கள். நிழலில் பாதி உலர்ந்த துணியே பெரும் பகைவன். இவ்வளவும் செய்தும் வாடை மாறவில்லை என்றாலோ, காரணமின்றி வியர்த்து ஊற்றினாலோ, திடீரென்று வாடையே வேறாகிவிட்டாலோ, பொடியை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, நீரிழிவு போன்றவற்றின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். எவ்வளவு குளித்தாலும் மீன் வாடை வீசும் ஒரு பிறவிக் குறைபாடும் உண்டு. அப்படிப்பட்டவளைக் குளிக்காதவள் என்று ஒதுக்கினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

மறைக்கல்வி வகுப்பில் புனித தமியானைப் பற்றிப் படித்தோம். 1873இல் மொலக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் சென்ற அவருக்கு, அவர்கள் குடிசைகளில் வீசிய துர்நாற்றத்தைத் தாங்க முடியாமல் வெளியே ஓடிவந்து மூச்சுவிட வேண்டியிருந்ததாம். அதற்காக அவர் புகைக்குழல் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஆனால் போவதை நிறுத்தவில்லை. புனிதருக்கும் நாற்றம் நாற்றமாகவே இருந்தது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. யோவான் நற்செய்தியிலும் பாருங்கள்: கல்லறைக் கல்லை அகற்றச் சொன்னபோது நாற்றமடிக்குமே என்று ஆண்டவரிடமே ஒளிக்காமல் கூறியவர் மார்த்தா. அடுத்த அதிகாரத்திலேயே அவர் தங்கை மரியா ஊற்றிய இலாமிச்சைத் தைலத்தால் வீடு மணக்கிறது. மார்த்தாவைப் போல் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். தனியே அழைத்துச் சொன்னால் போதும்.

நான் அந்த விடுதித் தோழியிடம் தனியே சென்று மன்னிப்புக் கேட்டேன். ஸ்பிரே அடித்தவளும் பின்னர் கேட்டாள். பொடியில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். “எனக்கு நாறுகிறது என்றுதானே கொடுக்கிறாய்?” என்று கேட்டாள். “எனக்கும் நாறுகிறது, அதனால்தான் பாதியை வைத்துக்கொண்டேன்” என்றேன். வாங்கிக்கொண்டாள்.

இக்கட்டுரையை ஆசிரியையிடம் தருவதற்கு முன் அவளிடம் காட்டி அனுமதி கேட்டேன். இருமுறை படித்துவிட்டு, ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். பிறகு பொடியின் அளவுகளைப் பார்த்து முகம் சுளித்தாள். ஆவாரம்பூ இல்லாமல் குளியல் பொடியா என்று கேட்டாள். அவள் ஊரில் வேலிக்கு வேலி மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமாம். அவள் அம்மா நிழலில் காயவைத்துச் சேர்ப்பாராம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். இந்த முறை அரைத்ததில் மூன்று பிடி சேர்த்திருக்கிறோம். அப்பாயியும் முகர்ந்து பார்த்து, முன்னதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மேலே நான் கொடுத்த அளவுகளோடு அதையும் சேர்த்துக்கொள்க.